மொஹிதீன் வீட்டுப் புகைபோக்கி

வீடு கட்டப் போகிறவர்கள் இப்போது என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். ஆண்கள் முதலில் கடைக்குப் போய் இவரிடம் கேட்பார்கள். இவர், "அதெல்லாம் வீட்டுல ஸுபைராக்கிட்ட கேக்கணும்" என்று சொல்லிவிட்டுத் துணி அளக்கப் போய்விடுவார். அப்புறம் அவர்களுடைய பெண்சாதிமார் முக்காட்டைப் போட்டுக்கொண்டு என்னைத் தேடி வருவார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தண்ணீர்க் குழாயை எப்படி இறக்குவது, கணப்பை எந்தச் சுவரில் வைப்பது என்று வாய் ஓயும்வரை சொல்வேன். எனக்குக் கொத்து வேலை தெரியாது. ஆனால் இந்த வீட்டில் என்னென்ன தப்பு நடந்ததோ அத்தனைக்கும் நடுவில் குடியிருந்தவள் நான்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணத்தை என் வாப்பா பண்ணினார். வீட்டை இவர் கட்டினார். இரண்டிலும் பட்டது நான்தான்.

இவர் என்றால் என் மாப்பிள்ளை மொஹிதீன். பண்டாரவளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கிறார். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கும் துணி மூட்டை கட்டிக்கொண்டு போவார். கல்யாணமான புதிதில் நாங்கள் கடைக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு தகரக் கூரை அறையில் இருந்தோம். மழைக்காலம் முடிந்து பனி இறங்கினால் அந்த அறைக்குள் பேசும்போது வாயிலிருந்து ஆவி வரும். என் மூத்த மகள் ஜெனீரா அந்தப் பனியில்தான் பிறந்தாள்.

பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் நாற்பது நாளைக்குக் காற்றுப் படாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பச்சை உடம்பில் காற்று நுழைந்தால் வெளியே எடுக்க முடியாதாம். இவர் அந்த வழக்கத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு செய்தார். பலகை இடுக்கில் எல்லாம் கந்தல் துணியைத் திணித்தார். கதவுக்கு அடியில் சாக்கைச் சுருட்டி வைத்தார். கட்டிலுக்குக் கீழே ஒரு சட்டி நிறையக் கரியைக் கனிய வைத்து, அது அணையாமல் தானே பார்த்துக்கொண்டார். பெண்சாதிக்காக இப்படிக் குனிந்து சாம்பல் தட்டிய ஆம்பிளையை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

பெயர் வைத்துச் சில நாளில், ஒரு விடியற்காலை, பிள்ளை எழும்பவில்லை. முகம் நல்ல சிவப்பாக, தூங்குகிற மாதிரியே கிடந்தாள். எனக்கும் தலை வெடித்துவிடும் போல வலி. எழுந்து உட்காரப் பார்த்து வாந்தி எடுத்தேன்.

எனக்குப் பேறு பார்த்த மருத்துவச்சி ஜெமீலா ராத்தா பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "குளிர் புடிச்சிருக்கு. தாய்க்குப் பால் குளுந்து போனா இப்படித்தான்."

அவள் கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் பிள்ளையை என் பாலே கொன்றுவிட்டது என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போது என் மார்பைத் தொட்டுப் பார்ப்பேன், சூடாக இருக்கிறதா என்று.

இவர் வேறு மாதிரி அழுதார். "குளிர் நுழையாத ஒரு வீடு கட்டுறேன் ஸுபைரா, நீ பாரு" என்றார். மறு வருஷம் நான் இரண்டாவது தடவை முழுகாமல் இருந்தபோது மேட்டில் நிலம் வாங்கி, அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டார். அடுத்த பனிக்குள் வீடு முடிய வேண்டும். பிள்ளை அந்த வீட்டில் பிறக்க வேண்டும், பிழைக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு நினைப்பே இல்லை.

கொத்து வேலைக்கு ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து கணபதி என்று ஒருவன் வந்தான். நல்ல உழைப்பாளி, அதைவிட நல்ல வாய்.

"பங்களா சிமினி கட்டுன கை மொதலாளி இது. கவலப்படாதீங்க" என்றான்.

பங்களாவுக்குக் கல் சுமந்த கை அது என்று பிறகுதான் தெரிந்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல ஒருவனும், தெரியாது என்று ஒத்துக்கொள்ளாத இன்னொருவரும் சேர்ந்தால் ஒரு வீடு எப்படி இருக்கும்? நிமிர்ந்துதான் நின்றது. அதுவே அல்லாஹ்வின் கிருபை.

முதலில் தண்ணீர். நிலத்துக்கு மேலே பாறை இடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. எங்கிருந்தோ கழித்துப் போட்ட இரும்புக் குழாய்களை இவர் வாங்கி வந்து, ஊற்றிலிருந்து சமையலறை வரைக்கும் இறக்கினார். நடுவில் ஒரு பாறை. அதைச் சுற்றிக்கொண்டு போக இவருக்குப் பொறுமை இல்லை. குழாயைப் பாறைக்கு மேலே ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினார். ஊற்று அதைவிட உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறி இறங்கிவிடும் என்று கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் தண்ணீர் வரவில்லை. மேலே குழாய் வாய்க்குள் தண்ணீர் போகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. இவர் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓடி ஓடி வேட்டி எல்லாம் சேறாகி வந்தார்.

கடைசியில் கணபதிக்கு ஆத்திரம் வந்து, பாறைமேல் இருந்த மூட்டில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி வைத்தான். மூட்டு தளர்ந்தது. 'புஸ்' என்று நெடுநேரம் காற்றுச் சத்தம். அப்புறம் மூட்டில் தண்ணீர் பீய்ச்சியது, சமையலறைக் குழாயிலும் இருமி இருமித் தண்ணீர் வந்தது.

"பாத்தீங்களா மொதலாளி, அடி ஒதவுற மாதிரி அண்ணன் தம்பி ஒதவ மாட்டான்" என்று கணபதி சிரித்தான்.

நான் தேத்தண்ணிச் சட்டியோடு பக்கத்தில்தான் நின்றேன். "அடிச்சதால இல்ல. முதல்ல காத்து வெளிய வந்திச்சு, பொறகுதான் தண்ணி வந்திச்சு. உள்ள காத்து அடைச்சுக்கிட்டு இரிந்திருக்கு" என்றேன். இவர் தலையை ஆட்டினார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் தண்ணீர் நிற்கும் போதெல்லாம் இரண்டு பேரும் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் குழாயை அடிப்பார்கள். பாவம் குழாய்.

அடுத்தது கணப்பு. துணி விற்கப் போன இடத்தில், ஒரு துரை பங்களாவில் சமைக்கிற குசினி அப்பு இவரை முன் அறைவரை கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறான். சுவருக்குள் நெருப்பு எரிகிறது, புகை சுவருக்குள்ளேயே ஏறி மேலே போகிறது, அறை முழுக்க இளஞ்சூடு. அன்றைக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் பற்றிப் பேசினார், வாய்க்குள் சோறு போகவே இல்லை. பிள்ளை பெறும் உள்ளறையில் அப்படி ஒரு கணப்பு வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

நான் அப்போது ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த அறைக்கு ஒரு ஜன்னல் வைங்க. நாப்பது நாளும் நான் இருட்டுல கெடக்கணுமா?"

"ஜன்னலா? ரோட்டால போற வார ஆம்புளையெல்லாம் உள்ள பாக்கவா? காத்து வேற அடிக்கும். குளிருக்குப் பயந்துதானே கட்டுறோம்?"

"பங்களா அறையில ஜன்னல் இருந்திச்சா இல்லையா?"

"அவங்க வழக்கம் வேற, நம்ம வழக்கம் வேற" என்று பேச்சை முடித்துவிட்டார். துரை வீட்டு நெருப்பைக் கொண்டுவரலாம், துரை வீட்டு ஜன்னலைக் கொண்டுவரக் கூடாது. எனக்கு எரிச்சலாக வந்தது. வயிற்றில் பிள்ளை உதைத்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

புகைபோக்கி எழும்பியது. கூரை போடுவதற்கு முன்னால், கதவும் வைக்காத அறையில் ஒரு நாள் எரித்துப் பார்த்தார்கள். என்ன அருமையாக எரிந்தது தெரியுமா! புகை நூல் பிடித்த மாதிரி மேலே ஏறிப் போனது. கணபதி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினான். இவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு கூரை வந்தது, கதவு வந்தது. காற்று ஒரு நூல் நுழையாதபடி இவர் எல்லா இடுக்கிலும் சுண்ணாம்புச் சாந்தை வைத்துப் பூசினார். பனிக்காலம் பிறந்து, கதவைச் சாத்திக் கணப்பை மூட்டினால், அதே புகைபோக்கி புகையை எடுக்க மாட்டேன் என்றது. புகை அறைக்குள்ளேயே திரும்பி வந்து எங்கள் கண்ணைக் கசக்க வைத்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் விறகு ஈரம் என்றார்கள். காய்ந்த விறகு வந்தது, புகையும் வந்தது. புகைபோக்கி கட்டை என்றார்கள். கணபதி கூரைமேல் ஏறி இன்னும் சில வரிசைக் கல்லை அடுக்கினான். கண்ணூறு என்றார்கள். ஜெமீலா ராத்தா மிளகாய் சுற்றிப் போட்டாள், அந்தப் புகையும் சேர்ந்துகொண்டது.

"புள்ளையாரு புடிக்கக் கொரங்காப் போச்சுங்க" என்று கணபதி கடைசியில் தலையைச் சொறிந்தான்.

அந்தக் களேபரத்தில் எனக்கு வலி எடுத்தது. பெண் பிள்ளை. நளீரா என்று பெயர் வைத்தோம். வெளியே மேகம் இறங்கி வந்து வாசலிலேயே படுத்துக்கொண்ட மாதிரி மூடுபனி. இவர் பிள்ளையைக் கையில் வாங்கினார், அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், உடனே திருப்பித் தந்தார். பயந்துவிட்டார். நானும் பயந்துதான் இருந்தேன். மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்தேன்.

விறகு புகைகிறது என்பதால் இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "கரிக்குப் புகை இல்லையே. கணப்புக்குள்ள கரிய எரிப்போம்" என்றார். நன்றாகக் கனிந்த கரியைக் குவித்து வைத்தார். புகையே இல்லை. அறை சூடேறியது. கதவுக்கு அடியில் உள்ளே இருந்து சாக்கைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டு, நிம்மதியாகக் கடைக்குப் போனார்.

மத்தியானம் தாண்டியது. ஜெமீலா ராத்தா சமையலறையில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காய மருந்தை இடித்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தலை வலித்தது. முதலில் நெற்றியில் ஒரு பாரம், பிறகு பிடரியில் இறுக்கிக் கட்டிய மாதிரி. வயிற்றைப் புரட்டியது. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று கண்ணை மூடினேன்.

மூடிய கண் சட்டென்று திறந்துகொண்டது. இந்தத் தலைவலியை எனக்குத் தெரியும்.

தகர அறையில், ஜெனீரா எழும்பாத விடியற்காலையில் வந்த அதே தலைவலி. அதே குமட்டல். திரும்பிப் பார்த்தேன். நளீராவின் முகம் நல்ல சிவப்பாக இருந்தது. கன்னத்தைத் தட்டினேன், கண் திறக்கவில்லை. மார்பை வாயில் வைத்தேன், உதடு அசையவில்லை.

எழுந்து நின்றேன், கால் மடங்கியது. கத்தினேன், இடிக்கிற சத்தத்தில் என் குரல் எங்கே கேட்கும்? பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து போனேன். அந்தச் சாக்கை இழுத்து எறிந்தேன். தாழ்ப்பாளைப் பிடித்துத் தொங்கித்தான் கதவைத் திறந்தேன்.

குளிர்காற்று முகத்தில் அடித்தது. என் முதுகுக்குப் பின்னால் கணப்பில் 'குப்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். மங்கிக் கிடந்த கரி செக்கச்செவேல் என்று எரிந்தது, சாம்பல் துகளெல்லாம் புகைபோக்கிக்குள் பறந்து ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. வாசலுக்குப் போய் மூடுபனியில் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தேன்.

ஜெமீலா ராத்தா உலக்கையோடு ஓடி வந்தாள். "யா அல்லாஹ்! பைத்தியமா உனக்கு? பச்சப் புள்ளக்கிக் காத்துப் படுது, உள்ள போ!"

"போக மாட்டேன்."

"செத்துப் போகும்டி!"

"உள்ள போனாத்தான் சாகும்" என்றேன். எனக்கே அடையாளம் தெரியாத குரல். அவள் பிள்ளையைப் பிடுங்க வந்தாள். நான் விடவில்லை. நளீராவின் மூக்கருகே என் கன்னத்தை வைத்தேன். ஏதோ மெல்லியதாக ஊர்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. நான் அந்த நேரத்தில் ஓதியதெல்லாம் தப்புத் தப்பாக ஓதினேன்.

அப்புறம் அவள் முகம் சுருங்கியது. ஒரு தும்மல். ஒரு சிணுங்கல். பிறகு வீடே அதிர ஓர் அழுகை. நான் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து அழுதேன்.

கடைக்கு ஆள் போய் இவர் ஓடி வந்தார். வந்த வேகத்தில் என்னைத் திட்டினார், ஜெமீலா ராத்தாவைத் திட்டினார், கதவைத் திட்டினார். திட்டி முடிக்கும்வரை விட்டேன். பிள்ளையை ராத்தாவிடம் கொடுத்து, சமையலறையில் அடுப்புப் பக்கம் உட்காரச் சொன்னேன். பிள்ளைக்குப் புகை காட்ட அவள் மூட்டி வைத்திருந்த சாம்பிராணித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

"இஞ்ச வாங்க" என்று இவரை உள்ளறைக்குள் கூப்பிட்டேன். கதவைச் சாத்தி, எறிந்த சாக்கை அடியில் திரும்ப வைத்தேன். சாம்பிராணிப் புகை கணப்புப் பக்கமே போகவில்லை. எங்கள் தலைக்கு மேலே சோம்பலாகச் சுற்றிக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா? இப்பப் பாருங்க." கதவைத் திறந்தேன். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நேராகக் கணப்பைத் தேடிப் போய் மேலே ஏறியது. மறுபடி சாத்தினேன், நின்றது. திறந்தேன், போனது.

"மேல போறதுக்கு வழி வெச்சீங்க. உள்ள வாரதுக்கு வழி வெக்கல்ல. வாராட்டி எப்படிப் போகும்? அந்தத் தண்ணிக் குழாய்லயும் காத்துக்கு வழி விட்ட பொறகுதானே தண்ணி வந்திச்சு?"

இவர் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா கரிக்குப் புகையே இல்லையே ஸுபைரா."

"புகை இல்ல. வேற என்னமோ இரிக்கி. கண்ணுக்குத் தெரியல்ல, மூக்குக்கும் தெரியல்ல. எனக்கு அதே தலைவலி வந்திச்சு."

"எதே தலைவலி?"

சொல்ல வேண்டாம் என்று அந்த நேரத்தில்தான் தோன்றியது. ஆனால் இவருக்கு அறிவு மெதுவாக வேலை செய்யுமே தவிர, செய்யாமல் இருக்காது. இவர் பார்வை கணப்பில் இருந்த கரிக்குப் போனது. கதவடியில் கிடந்த சாக்குக்குப் போனது. பிறகு என் முகத்துக்கு வந்தது.

"கடை அறையில..." என்றார். "கட்டிலுக்குக் கீழ... அந்தச் சட்டி..."

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் மனதில் அப்போது ஓடியதை மறைக்க மாட்டேன். முதலில் கோபம் வந்தது, ஆள் மேலா, வழக்கத்தின் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். அதற்குப் பின்னாலேயே ஒரு நிம்மதி. என் பால் குளிரவில்லை. என் பிள்ளையை நான் கொல்லவில்லை. இரண்டு வருஷமாக நான் ஒருத்தியாகச் சுமந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. ஆனால் அது எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன். சாம்பல் தட்டித் தட்டி அந்த நெருப்பை அணையாமல் காத்த மனுஷன் தலையில் இறங்கியிருந்தது. என் நிம்மதி எனக்கே கசந்தது.

"அப்ப யாருக்கும் தெரியாது. ராத்தாக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றேன்.

"நான்தானே வெச்சேன்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். சமையலறையில் நளீரா மறுபடியும் அழத் தொடங்கினாள். அந்தச் சத்தம் கேட்டதும் இவர் எழுந்தார். வெளியே போய், மிச்ச வேலைக்காக இன்னும் வந்துகொண்டிருந்த கணபதியைக் கூப்பிட்டார்.

"அலவாங்க எடுத்துட்டு வா. இந்தச் செவத்துல ஜன்னல் வெக்கணும்."

கணபதி அந்தக் கனத்த கடப்பாரையைக் கொண்டு வந்து, "எந்தச் செவரு மொதலாளி? இதா? இது ரோட்டுப் பக்கமாச்சுங்களே" என்றான்.

இவர் அதைக் கணபதியின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். துணி அளந்து பழகிய கை. முதல் குத்திலேயே உள்ளங்கை கிழிந்திருக்கும். நிறுத்தவில்லை. தானே பார்த்துப் பார்த்துப் பூசிய சாந்து பொத்துப் பொத்தென்று விழுந்தது. ஒரு கல் வெளியே உருண்டது. அந்த ஓட்டை வழியாக மூடுபனியும் வெளிச்சமும் சேர்ந்து உள்ளே வந்தன. பின்னால் கணப்பில் நெருப்பு நன்றாகப் பிடித்து எரிந்தது.

"காத்துக்கு இம்புட்டுப் போதுங்க மொதலாளி" என்றான் கணபதி.

இவர் கேட்கவில்லை. இன்னொரு கல், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஓட்டை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வந்துவிட்டது. இவர் முகத்தில் சுண்ணாம்புத் தூளும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன.

"போதுங்க, செவரே விழுந்துரும்!" என்று கணபதி பதறிப்போய் என்னைப் பார்த்தான், நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல.

நளீராவுக்கு அந்த முதல் கல்லின் இடமே போதும் என்று எனக்கும் தெரியும். நான் போதும் என்று சொல்லவில்லை. மற்றக் கற்களை இவர் ஜெனீராவுக்காக எடுத்துக்கொண்டிருந்தார்.